ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: அரச சேவைகளும் தனியார் ஒப்பந்தங்களும்

2023 பெப்ரவரிக் கடைசியில் கியூபெக்கில் கார் வைத்திருந்த எவருக்கும் அந்த வரிசைகள் மறந்திருக்காது. எம்மவர்கள் ‘சாக்’ என்று சொல்லும் வாகனக் காப்புறுதிச் சபையின் அலுவலகங்களுக்கு வெளியே, உறைபனிக் குளிரில், கதவு திறக்க முன்னமே சனம் நின்றது. சாரதி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வந்தவர்கள், வாங்கிய காரைத் தம் பெயருக்கு மாற்ற வந்தவர்கள், நாட்டுக்குப் புதிதாக வந்து முதல் அனுமதிப்பத்திரத்துக்காக நின்றவர்கள் என்று எல்லோரும் அந்த வரிசையில்.

அந்த மாதம் 20ஆம் திகதிதான் ‘சாக்கிளிக்’ என்ற இணையவழிச் சேவை தொடங்கியது. அதற்காகச் சில வாரங்கள் அலுவலகங்களில் பெரும்பாலான சேவைகளை நிறுத்தியும் வைத்திருந்தார்கள். இனி வரிசையே இருக்காது, வீட்டில் இருந்தபடி எல்லாம் முடிக்கலாம் என்பதுதான் வாக்குறுதி. ஆனால் மாகாணம் அதுவரை காணாத வரிசை அதற்குப் பிறகுதான் உருவானது.

சரியாக இரண்டு வருடம் கழித்து, 2025 பெப்ரவரி 20ஆம் திகதி, கியூபெக்கின் கணக்காய்வாளர் நாயகம் கிலேன் லெக்ளேர் தன் அறிக்கையை வெளியிட்டார். 638 மில்லியன் டொலரில் முடியும் என்று திட்டமிட்ட வேலை 2027 ஆகும்போது 1.1 பில்லியன் டொலரையாவது விழுங்கும் என்றது அறிக்கை. ஒரு வாரத்தில் இணையப் பாதுகாப்பு, டிஜிட்டல் துறை அமைச்சர் எரிக் கேர் பதவி விலகினார். அடுத்த மாதம் நீதிபதி டெனி கலாந் தலைமையில் விசாரணை ஆணைக்குழு அறிவிக்கப்பட்டது. ஏப்ரலில் தொடங்கிய விசாரணை, செப்டெம்பரில் மாகாண முதல்வர் பிரான்சுவா லெகோவையே சாட்சிக் கதிரையில் இருத்தியது.

இந்தச் செய்தியை எம்மில் பலர் ‘கியூபெக்காரரின் அரசியல் சண்டை’ என்று கடந்து போனார்கள். அப்படிக் கடந்து போகக்கூடாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் அரசியல் ஆய்வாளன் அல்லன். கணக்கு எழுதிப் பிழைப்பவன். எனவே கணக்காளனின் கண்ணாலேயே பார்க்கிறேன்.

தராசைப் பார்

யாழ்ப்பாணத்தில் வணிகமாணிப் பட்டம் முடித்த கையோடு நான் முதலில் வேலைக்குப் போனது ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு. 1994ஆம் ஆண்டு. பொருளாதாரத் தடைக் காலம். சீனியும் மாவும் கப்பலில் வந்து இறங்கி, சங்கக்கடை வழியாகக் குடும்ப அட்டைக்குப் பங்கிடப்படும். முதல் நாளே அங்கிருந்த முகாமையாளர் ஐயா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

“தம்பி, பில்லிலை ஐம்பது மூடை எண்டு கிடக்கும். நீ பில்லைப் பாக்காதை. தராசைப் பார். நிறுக்காமல் கையெழுத்து வச்சாயெண்டால், கடைசியா வரிசையிலை நிக்கிற மனிசிக்குத்தான் சீனி இல்லாமல் போகும்.”

அரச சேவையைத் தனியாரிடம் ஒப்படைப்பது பற்றி நான் படித்த பாடநூல்கள் எல்லாவற்றையும் விட இந்த இரண்டு வரிகள் பெரியவை. தனியார் நல்லவரா, அரசு நல்லதா என்ற விவாதத்தில் பொழுதைக் கழிக்கிறோம். உண்மையான கேள்வி அதுவல்ல. வந்த பொருளை நிறுத்துப் பார்க்கும் தராசும், தராசைப் படிக்கத் தெரிந்த ஆளும் அரசிடம் மிஞ்சியிருக்கிறார்களா என்பதே கேள்வி. வேலையை வெளியே கொடுக்கலாம். தராசையும் சேர்த்துக் கொடுத்தால் வருவது ஒப்பந்தம் அல்ல, சரணாகதி.

சாக்கிளிக் விடயத்தில் நடந்ததை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2017இல் ஐ.பி.எம்.மின் துணை நிறுவனமான எல்.ஜி.எஸ்., மென்பொருள் நிறுவனமான சாப் ஆகியவற்றின் கூட்டணிக்கு 458 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. இத்தனை பெரிய கணினி முறைமை எப்படி இருக்கவேண்டும், எந்தப் பகுதி முடிந்தது, எது முடியவில்லை, பிழை யாருடையது என்பதையெல்லாம் தீர்மானிக்கச் சபைக்குள்ளேயே கெட்டிக்காரர்கள் போதுமான அளவில் இருந்திருக்கவேண்டும். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை காட்டியது வேறு படம். பரிசோதனைகள் போதாமல் இருந்தன. குறைகள் தெரிந்திருந்தும் முறைமை திறக்கப்பட்டது. சபையின் இயக்குநர் குழுவுக்கும் மேலிடத்துக்கும் போன தகவல்கள் நிலைமையை உள்ளபடி காட்டவில்லை.

சங்கக்கடைப் பாசையில் சொன்னால், மூடை நிறுக்கப்படவில்லை, கையெழுத்து வைக்கப்பட்டது, மேலே போன அறிக்கையில் ‘சரக்கு வந்து சேர்ந்தது’ என்று எழுதப்பட்டது.

ஏற்கெனவே படித்த பாடம்

வேதனை என்னவென்றால், கியூபெக் இந்தப் பாடத்தை அதற்குச் சற்று முன்னர்தான் பெருஞ்செலவில் படித்திருந்தது. 2011இல் யாக் டுஷெனோ தலைமையிலான குழு போக்குவரத்து அமைச்சின் ஒப்பந்தங்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கை ஊடகங்களில் கசிந்தது. அமைச்சு தன் சொந்தப் பொறியியல் அறிவை இழந்துவிட்டது, வீதிக்கும் பாலத்துக்கும் எவ்வளவு செலவாகும் என்று கணிப்பதற்கே தனியார் பொறியியல் நிறுவனங்களில் தங்கியிருக்கிறது என்றது அந்த அறிக்கை. வேலை செய்பவனிடமே விலையையும் கேட்டு எழுதும் நிலை. அதன் பிறகு நீதிபதி பிரான்ஸ் ஷார்போனோ தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. மொன்றியலின் வீதி, நிலக்கீழ்க் குழாய் ஒப்பந்தங்களில் கம்பனிகள் தங்களுக்குள் பேசி விலையை ஏற்றிய கதைகள் நாளாந்தம் தொலைக்காட்சியில் வந்தன. 2015 நவம்பரில் 60 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை வெளியானது. அதற்கு இரண்டு வருடம் ஆகுமுன்னமே சாக்கிளிக் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

இதில் ஒரு மனிதரின் பாதையைப் பார்த்தால் மாகாணத்தின் கதையே தெரியும். டெனி கலாந் ஷார்போனோ ஆணைக்குழுவில் சட்டத்தரணியாக இருந்தவர். பின்னர் மொன்றியல் மாநகரின் முதலாவது மேற்பார்வை நாயகமாகி, 2015இல் பனி அகற்றும் ஒப்பந்தங்களில் நடந்த கூட்டுச் சதியை வெளிக்கொண்டு வந்தவர். அதன் பின், ஷார்போனோவின் பரிந்துரையின் வழியே பிறந்த பொது ஒப்பந்தங்களுக்கான அதிகார சபையின் தலைவரானார். இப்போது நீதிபதியாக சாக்கிளிக்கை விசாரித்தவரும் அவரே. முதலில் கொங்கிறீற், பிறகு பனி, இப்போது மென்பொருள். சரக்கு மாறுகிறது, தராசு இல்லாத கதை மாறவில்லை.

இதில் மென்பொருள்தான் மிக ஆபத்தானது. பனியை அள்ளினார்களா இல்லையா என்று யன்னலைத் திறந்து பார்த்தால் என் மனைவிக்கே தெரியும். அள்ளாவிட்டால் மாநகரசபைக்கு உடனே தொலைபேசி அடிப்பாள். வீதியில் போட்ட தாரை ஒரு பொறியியலாளர் துளையிட்டு அளந்து பார்க்கலாம். கணினி முறைமை பாதி முடிந்ததா, முக்கால்வாசி முடிந்ததா என்பதை விற்பவர் சொல்லித்தான் வாங்குபவர் அறியவேண்டும் என்றால், அங்கே விலைப்பட்டியல் மட்டும்தான் உண்மை. மற்றதெல்லாம் நம்பிக்கை.

ஒட்டாவாவிலும் இதே கதை

இது கியூபெக்கின் தனி வியாதியும் அல்ல. பெருந்தொற்றுக் காலத்தில் விமானம் ஏறியவர்கள் ‘அரைவ்கான்’ செயலியை மறந்திருக்கமாட்டார்கள். 2020இல் 80,000 டொலரில் தொடங்கியது அது. 2024 பெப்ரவரியில் கனடாவின் கணக்காய்வாளர் நாயகம் கரன் ஹோகன் போட்ட கணக்கு சுமார் 59.5 மில்லியன் டொலர். ‘சுமார்’ என்று அவர் சொன்னதற்குக் காரணம், சரியான தொகையைக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பதிவேடுகளே இருக்கவில்லை. ஒரு கணக்காளனுக்கு இதைவிட அவமானமான வசனம் கிடையாது.

அதில் மிகப் பெரிய பங்கு, சுமார் 19.1 மில்லியன் டொலர், ‘ஜி.சி. ஸ்ட்ரட்டஜீஸ்’ என்ற நிறுவனத்துக்குப் போனது. இரண்டே பேர் நடத்திய நிறுவனம். அவர்கள் தாமே மென்பொருள் எழுதவில்லை; எழுதுபவர்களைப் பிடித்துக் கொடுத்து நடுவில் தரகு எடுத்தார்கள். வெளியாட்களுக்கு அரசு கொடுத்த நாட்கூலி சராசரி 1,090 டொலர். அதே தரத்து அரச ஊழியருக்கு 675 டொலர்தான் ஆகியிருக்கும் என்றது அறிக்கை. 2022இல் வந்த ஒரு பதிப்பு, தேவையே இல்லாத சுமார் 10,000 பயணிகளைத் தனிமைப்படுத்தலில் இருக்கச் சொன்னது. 2025 ஜூனில் அந்த நிறுவனத்துக்கு ஏழு வருடத்துக்குக் கூட்டாட்சி ஒப்பந்தங்கள் தடை செய்யப்பட்டன.

அதற்கு முன்னரே ‘பீனிக்ஸ்’ சம்பள முறைமை இருந்தது. 2012இல் இதைக் கட்ட 274 மில்லியன் டொலர் வேண்டும் என்று ஐ.பி.எம். சொன்னது. அங்கீகரிக்கப்பட்ட வரவு செலவோ 155 மில்லியன். பொறுப்பான அதிகாரிகள் கூடுதல் பணம் கேட்கவும் இல்லை, திட்டத்தைத் தள்ளிப்போடவும் இல்லை. சம்பளத்தைக் கணக்கிடும் செயற்பாடுகளில் நூறுக்கு மேற்பட்டவற்றை வெட்டினார்கள். நிலுவைச் சம்பளம் கணக்கிடும் வசதியும் அதில் அடக்கம். சம்பளக் கணக்குத் தெரிந்த 1,200 ஆலோசகர் பதவிகளை நீக்கி, நியூ பிரன்சுவிக்கின் மிராமிச்சியில் 550 புதியவர்களை அமர்த்தினார்கள். 2016 பெப்ரவரியில் முறைமை தொடங்கியது. அதன் பின் ஆயிரக்கணக்கான அரச ஊழியர்களுக்குச் சம்பளம் கூடியும் குறைந்தும் வராமலும் போனது. எமது பிள்ளைகளும் அரச வேலையில் இருக்கிறார்கள். அந்தக் கதை பல வீடுகளுக்குத் தெரியும்.

இங்கே தனியார் நிறுவனம் உண்மையான விலையைச் சொல்லியிருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். நிறுக்கத் தெரிந்த 1,200 பேரை வீட்டுக்கு அனுப்பியது அரசுதான். எனவே ‘தனியார்தான் கள்ளர்’ என்று மேடையில் முழங்குவது சுலபம், ஆனால் கணக்குக்கு உதவாது.

கொழும்பு விமான நிலையத்தில்

இந்தப் பிரச்சினை எமக்கு இன்னும் கிட்டடியில் வந்தது 2024இல். கனடியக் கடவுச்சீட்டோடு ஊருக்குப் போகும் எம்மவர் 2012 முதல் இணையவழிப் பயண அனுமதி எடுத்துப் போய் வந்தார்கள். அதை மொபிட்டெல் நிறுவனம் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு டொலர் என்ற கட்டணத்தில் நடத்தியது. 2024 ஏப்ரல் 17 முதல் அந்த வேலை வி.எவ்.எஸ். குளோபல் உள்ளிட்ட வெளிநாட்டு நிறுவனங்களின் கூட்டிடம் கொடுக்கப்பட்டது. 75 டொலர் விசாவுக்கு மேல் சேவைக் கட்டணம் 18.50 டொலர், அதற்கு மேல் ‘வசதிக் கட்டணம்’ 7 டொலருக்குச் சற்றுக் கூட. மொத்தம் 100 டொலரைத் தாண்டியது.

திறந்த கேள்விப்பத்திரம் கோரப்பட்டதா என்ற கேள்வி பாராளுமன்றத்தின் அரச நிதிக் குழுவில் எழுந்தது. எம்.ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். ஓகஸ்ட் 2ஆம் திகதி நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தி, பழைய முறையை மீளக் கொண்டுவரச் சொன்னது. உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை. செப்டெம்பர் 25ஆம் திகதி குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகமே நீதிமன்ற அவமதிப்புக்காக விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அதன் பிறகுதான் பழைய முறை திரும்பியது.

பலர் 25 டொலரைப் பற்றித்தான் முறைப்பட்டார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அகதியாக வெளியேறிய ஒரு குடும்பத்தின் பெயர், பிறந்த ஊர், கடவுச்சீட்டு இலக்கம், எந்த வீட்டில் தங்கப்போகிறார்கள் என்ற விபரம் யார் கையில் இருக்கிறது, அங்கிருந்து யாருக்குப் போகும் என்பது மற்றப் பயணிகளுக்குத் தனியுரிமைப் பிரச்சினை. எமக்கு அது உயிர்ப் பயம். அரசின் கையில் இருந்தாலும் பயம்தான். ஆனால் அரசிடம் இருக்கும்போது நீதிமன்றத்தில் யாரைக் கேட்பது என்றாவது தெரியும். மூன்று நிறுவனங்களின் பெயர் போட்ட ஒப்பந்தத்தில் கேள்வி கேட்கவே ஒரு முகவரி கிடையாது.

சங்கிலியின் கடைசிக் கண்ணி

வரி நிரப்பும் காலத்தில் என் சமையலறை மேசைதான் எனது அலுவலகம். சில வருடங்களுக்கு முன்னர் பார்க் எக்ஸ்ரென்சனில் இருந்து ஒரு தங்கச்சி கடதாசிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“அண்ணை, வேலை செய்யிறது கவுண்மெந்துக் கட்டடத்திலை. ஆனா எனக்கு வேலைக்காரர் எண்ட துண்டு தரேல்லை. கொம்பனி நடத்திற ஆள் எண்டு எழுதிக் கிடக்கு. இது சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”

பார்த்தேன். இரவில் மூன்று மாடி துடைக்கும் அவள், காகிதத்தில் ஒரு சுயதொழிலாளி. கட்டடத்தை வைத்திருக்கும் அரச அமைப்பு ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தது. அது இன்னொருவருக்கு உப ஒப்பந்தம் கொடுத்தது. அவர் இவளுக்கு ஒரு தொலைபேசி இலக்கமும் மாதம் ஒரு காசோலையும் கொடுத்தார். விடுமுறைச் சம்பளம் இல்லை. வேலை போனால் காப்புறுதி இல்லை. ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளி கட்டவேண்டிய பங்கையும் அவளே கட்டவேண்டும். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு பங்கு கழிந்து, மிச்சம்தான் தும்புத்தடி பிடித்த கைக்கு வந்தது. அந்த அரச அமைப்பின் கணக்கில் ‘துப்புரவுச் செலவு குறைந்தது’ என்று ஒரு வரி இருந்திருக்கும். குறைந்த காசு எங்கே போயிற்று என்றால், அவளுடைய சம்பளத்தில் இருந்துதான் குறைந்தது.

இந்த இடத்தில் எமது மக்கள் தெரிந்திருக்கவேண்டிய சில விடயங்கள் உள்ளன. மொன்றியல் பகுதியில் பொதுக் கட்டடத் துப்புரவு வேலைக்குத் தனி ஆணை உண்டு. சாதாரண குறைந்தபட்சச் சம்பளத்தை விடக் கூடிய மணிக்கூலி அதில் விதிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கண்காணிக்கத் தொழிலாளர், முதலாளிமார் இணைந்த கூட்டுக் குழு ஒன்றும் இருக்கிறது. துப்புரவு நிறுவனம் ஒன்று ‘இவர் எங்கள் ஊழியர் அல்ல, தனி வியாபாரி’ என்று வாதாடிய கியூபெக் வழக்கில், 2019 மே 3ஆம் திகதி கனடா உச்ச நீதிமன்றம் பெயரைப் பாராமல் உண்மையைப் பார்த்தது. வியாபாரத்தின் இலாப நட்டத்தை அவர் உண்மையில் சுமக்கவில்லை, எனவே அவர் ஊழியரே என்று தீர்த்தது.

முகவர் நிறுவனங்கள் மூலம் வேலை செய்பவர்களுக்கு: 2020 ஜனவரி 1 முதல் ஆட்களை வேலைக்கு அமர்த்தும் முகவர்கள், தொழிலாளர் உரிமைகளைக் கவனிக்கும் மாகாண ஆணைக்குழுவிடம் அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கவேண்டும். யாரிடம் அது உண்டு என்று இணையத்தில் பார்க்கலாம். ஒரே இடத்தில் ஒரே வேலை செய்யும் நிரந்தர ஊழியரை விட, முகவர் மூலம் வந்தவர் என்ற காரணத்துக்காக மட்டும் குறைந்த சம்பளம் கொடுக்க முடியாது. முகவர் சம்பளத்தைக் கொடுக்காமல் விட்டால், வேலை வாங்கிய நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. கொடுபடாத சம்பளத்தைக் கோர ஒரு வருடம்தான் அவகாசம். எனவே மணித்தியாலங்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள், சம்பளச் சிட்டைகளை எறியாதீர்கள்.

அந்தத் தங்கச்சிக்கு நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்து, எங்கே போகவேண்டும் என்று சொன்னேன். “போனால் வேலை போயிடுமே, அண்ணை?” என்று கேட்டாள். அதற்கு என்னிடம் நேரான பதில் இருக்கவில்லை. நீண்ட சங்கிலி அமைப்பதன் ஒரு பயனே அதுதான்: கடைசியில் நிற்பவர் கேள்வி கேட்கப் பயப்படுவார்.

என்ன கேட்கவேண்டும்

எல்லாவற்றையும் அரசே செய்யட்டும் என்று நான் சொல்லவில்லை. ‘நாளைக்கு வாங்கோ’ என்ற அரச அலுவலகங்களில் எங்கள் இளமைக் காலம் கரைந்தது எனக்குத் தெரியும். எம்மவரே நேர்மையாக அரச ஒப்பந்தம் எடுத்து நூறு பேருக்கு வேலை கொடுக்கிறார்கள். ஆனால் கியூபெக் அரசே மருத்துவத் துறையில் முகவர் நிறுவனங்களில் தங்கியிருப்பதைப் படிப்படியாக நிறுத்த 2023இல் சட்டம் கொண்டுவந்ததை நினைவில் கொள்ளுங்கள். கொடுப்பது சுலபம், திரும்ப எடுப்பது கடினம் என்பதை அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர், கோயில் திருவிழாவில் பொன்னாடை போர்த்த நிற்பவர், ‘இந்தச் சேவையைத் தனியாருக்குக் கொடுத்து மிச்சம் பிடிப்போம்’ என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். வந்த வேலையை நிறுத்துப் பார்க்க உங்கள் அலுவலகத்தில் யார் இருக்கிறார்கள்? ஒப்பந்தம் எத்தனை கை மாறும், கடைசிக் கைக்கு என்ன சம்பளம்? பிழைத்தால் நாங்கள் யாரின் கதவைத் தட்டுவது?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது எங்கள் பழமொழி. சாக்கிளிக்கில் போனது 1.1 பில்லியன், அது யாரோ ஒருவருடைய காசு அல்ல, நாம் கட்டும் வரியும் வாகனக் கட்டணமும்தான். சங்கக்கடை முகாமையாளர் ஐயா போரின்போது காலமாகிவிட்டார். அவர் இருந்திருந்தால் அந்த பெப்ரவரிக் குளிர் வரிசையைப் பார்த்து ஒன்றுதான் கேட்டிருப்பார்: “மூடையை ஆர் நிறுத்தது?”